சாப்பாட்டுப் பொட்டலம் கூடுகிறது, தெருவில் படுப்பவர்கள் குறையவில்லை: எங்கள் குழுவை எப்படி மாற்றுவது?

செந்தூல் தாமரை:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் தெருவோரம் படுப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் எங்கள் குழுவை இங்கே சிலருக்குத் தெரியும். செந்தூலில் ஒரு வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. இப்போது கோயில் மண்டபத்தில் சமைத்து, புதனும் சனியும் இரவில் மஸ்ஜிட் ஜாமெக், லெபோ அம்பாங், பூடு, சௌகிட் பக்கம் போகிறோம். போன பொதுக்கூட்டத்தில் தலைவர் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். குழுவைத் தொடங்கிய ஐயா ஆலோசகராக இருக்கிறார்.

என் மனதில் உள்ளதை நேராகவே எழுதுகிறேன். குழு வளர்ந்திருக்கிறது. தொண்டர்கள் கூடியிருக்கிறார்கள், பொட்டலமும் கூடியிருக்கிறது, தீபாவளி நேரத்தில் நன்கொடைக்குக் குறைவே இல்லை. ஆனால் நான் சேர்ந்தபோது லெபோ அம்பாங் அஞ்சடியில் (கடைவரிசைக்கு முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில்) பார்த்தவர்களில் பாதிப்பேர் இன்னும் அதே தூணோரம்தான் படுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு அங்கே நின்று பாருங்கள். எட்டு மணிக்கு ஒரு குழு நாசி லெமாக் கொண்டு வரும். ஒன்பதுக்கு நாங்கள். பிறகு யாரோ பிரியாணி, அப்புறம் ரொட்டியும் மைலோவும். கடைசியாக வந்த பொட்டலங்கள் காலையில் பிரிக்கப்படாமலே குப்பைத்தொட்டி ஓரம் கிடக்கின்றன.

அங்கே ஒருவர், ஐம்பது வயதிருக்கும், எங்கள் பிள்ளை நீட்டிய பையை வாங்காமல், "சாப்பாடு இருக்கும்மா. ஐசி எடுக்கணும், யாராச்சும் கூட வருவீங்களா?" என்று கேட்டார். நாங்கள் இருப்பது இரவில். ஐசி, அதாவது அடையாள அட்டை, தரும் தேசியப் பதிவிலாகா திறந்திருப்பது பகலில். எங்களிடம் அனுப்ப ஆள் இல்லை.

என் திட்டம் இது. புதன்கிழமைச் சமையலை நிறுத்துவது. அந்தப் பணத்தில் சில அறைகளை வாடகைக்கு எடுப்பது. பகலில் வேலை செய்ய ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது. செயலவை இரண்டாகப் பிரிந்துவிட்டது. "தொண்டுக்குச் சம்பளமா?" என்று கேட்கிறார்கள். பெரிய நன்கொடையாளர் ஒருவர், சாப்பாட்டுக்கு மட்டுமே தருவேன் என்கிறார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. இப்படி ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

பூச்சோங் மாறன்:

தாமரை, நான் உங்கள் திட்டத்துக்கு எதிரானவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2014 ஜூலையில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? புக்கிட் பிந்தாங் லாட் 10 கட்டடத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் யாரும் சாப்பாடு கொடுக்கக்கூடாது என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சரே அறிவித்தார். இலவசச் சாப்பாடுதான் இவர்களைத் தெருவில் வைத்திருக்கிறது என்ற வாதம் அன்று பலமாக ஒலித்தது. எல்லா இனத்துத் தொண்டர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், நானும் அவர்களில் ஒருவன். இன்று நம்மவர்களே பொட்டலத்தைக் குறைக்கலாம் என்று பேசுவது எனக்கு வலிக்கிறது.

பசித்தவனுக்குப் போடும் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கக்கூடாது. வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு 1867 முதல் அணையாமல் எரிகிறது. அங்கே யாரும் "இவர் போன வருஷமும் வந்தாரே" என்று கேட்பதில்லை. அறை கொடுங்கள், ஆள் வையுங்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் சோற்றுக் காசில் கை வைக்காமல் செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மனசை மற்றவர்கள் பேசட்டும், நான் காசைப் பேசுகிறேன்.

தாமரை, முதலில் உங்கள் சங்க விதிமுறைகளை எடுத்து "நோக்கம்" என்ற பகுதியைப் படியுங்கள். "உணவு வழங்குதல்" என்று மட்டும் இருந்தால் அறை வாடகைக்குச் செலவு செய்ததைத் தணிக்கையாளர் கேள்வி கேட்பார். 1966 சங்கச் சட்டத்தின்படி விதியைத் திருத்தினால் சங்கங்களின் பதிவிலாகாவின் ஒப்புதல் வந்த பிறகுதான் அது செல்லும். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போகவேண்டும். இது போனதா என்றும் பாருங்கள். பல நல்ல குழுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

சாப்பாட்டுக்கென்று கொடுத்த காசு சாப்பாட்டுக்கே போகவேண்டும். அந்த நன்கொடையாளரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் பணம் சனிக்கிழமைச் சமையலுக்குப் போகட்டும், அறைக்குத் தனிக் கணக்குத் திறங்கள். பொதுவாக வரும் காசை அதில் போடுங்கள், மாதாமாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) தருகிறவர்களாகப் பார்த்துத் தேடுங்கள். தீபாவளிக்கு வரும் ஐயாயிரத்தைவிட வாடகை கட்ட உதவுவது அந்த மாத ஐம்பதுதான்.

அறை என்றால் இங்கே வழக்கம் உங்களுக்கே தெரியும். இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். சாவி கைக்கு வருவதற்குள் மூன்றரை மாத வாடகை போய்விடும். அதனால் ஓர் அறைக்கு ஒரு முழு வருட வாடகை கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். பாதியில் பணம் தீர்ந்து ஒருவரை மறுபடி அஞ்சடிக்கு அனுப்புவது, அறையே கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

இன்னொன்று. பெரிய வீடு எடுத்து எல்லாரையும் ஒன்றாக வைத்து, பார்த்துக்கொள்ள ஆளும் போட்டால் அது பராமரிப்பு இல்லமாகிவிடும். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூகநல இலாகாவில் பதியவேண்டும், தீயணைப்புத் துறை, மாநகர் மன்றம் என்று வரிசை நீளும். சாதாரண வாடகை அறைகள் தனித்தனியாக இருப்பதே உங்களுக்கு நல்லது.

பழைய தூண்:

நான் தெருவில் படுத்தவன். இப்போது கெப்போங்கில் ஓர் அறையில் இருக்கிறேன், காவலாளி வேலை. இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதவேண்டும் போலிருந்தது.

நாங்கள் எப்படித் தெருவுக்கு வந்தோம் என்று பல பேருக்குத் தெரியாது. என் கதை ரொம்பச் சாதாரணமானது. தோட்டத்தில் பிறந்தேன். தோட்டம் விற்றுப்போனதும் பட்டணம் வந்தேன், சாப்பாட்டுக் கடையில் மங்குக் கழுவும் வேலை. படுக்கை கடைக்கு மேல்மாடியில், முதலாளி கொடுத்தது. கடை மூடியது. வேலை போன அன்றே படுக்கையும் போனது. என்னோடு படுத்தவர்களில் பாதிப்பேருக்கு இதே கதைதான். குடிகாரன், சோம்பேறி என்று சொல்வார்கள். குடித்தவர்களும் இருந்தார்கள், ஆனால் பலர் தெருவுக்கு வந்த பிறகு குடித்தவர்கள்.

மூன்றாம் நாள் தூங்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐசி அதில்தான் இருந்தது. ஐசி இல்லாமல் வேலை இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. இருந்தால் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி, இல்லையென்றால் முகப்பிலேயே மடக்கிவிடுவார்கள். புது ஐசி எடுக்க அபராதம் கட்டவேண்டும், அடுத்த தடவை தொலைத்தால் அபராதம் கூடும். தெருவில் படுப்பவன் தொலைக்காமல் எங்கே வைப்பான்? சிலருக்கு இன்னும் கஷ்டம். என் பக்கத்தில் படுத்த பெரியவர் இந்த நாட்டில் பிறந்தவர், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை, கடைசிவரை குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு ஐசிதான்.

மாறன் அண்ணனுக்கு ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் கொடுத்த சோறு என்னை உயிரோடு வைத்தது. அதை மறக்கமாட்டேன். ஆனால் கொடுக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் பெயரைக் கேட்டதில்லை, படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒருவர், சீனப் பெண், ஒவ்வொரு வாரமும் வந்தார். பொட்டலம் கூட இல்லாமல் வருவார். போன வாரம் சொன்ன கால் புண் இந்த வாரம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்களை மண்டபங்களுக்குக் கொண்டுபோனார்களே, அப்போது எனக்குப் படுக்கை, குளியல், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. அலையாமல் உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. அந்தப் பெண்தான் தொலைபேசியில் பேசி, ஐசிக்கு ஏற்பாடு செய்து, வேலைக்கும் சொல்லிவிட்டார்.

அறை கொடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முதல் மாதம்தான் ஆபத்து. சம்பளம் மாதக் கடைசியில் வரும். அதுவரை பஸ் காசு, கறுப்புக் காலணி, வேலைக்கு ஏற்ற சிலுவார், மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கையில் எதுவும் இருக்காது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த இருவர் அந்த மாதத்திலேயே விட்டுவிட்டுத் தெருவுக்குத் திரும்பினார்கள்.

அப்புறம் தனிமை. அறை கிடைத்த பிறகும் நான் சாயங்காலம் அஞ்சடிக்குப் போய்ப் பழைய ஆட்களோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு தொண்டர் பார்த்துவிட்டு, "அறை கொடுத்தாச்சே, இன்னும் இங்கே என்ன?" என்று சத்தம் போட்டார். எனக்கு வேறு யாரைத் தெரியும்? என் சிநேகிதர்கள் அங்கேதானே இருந்தார்கள்.

சமூகப்பணி மாணவி:

பழைய தூண் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

தாமரை அக்கா சொல்வதை வெளிநாட்டில் "முதலில் வீடு" என்ற முறையாகவே செய்கிறார்கள். 1992இல் நியூயார்க்கில் சாம் சேம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. குடியை விடு, மருந்து எடு, அப்புறம் வீடு தருகிறேன் என்ற பழைய வரிசையைத் தலைகீழாக்கினார். நிபந்தனை இல்லாமல் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்ற உதவியை அதன்மேல் கட்டினார். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார்கள். அதில் இப்படி வீடு பெற்றவர்கள் வழக்கமான உதவி பெற்றவர்களைவிட நிலையாக வீட்டில் தங்கினார்கள். பின்லாந்து 2008இல் இதையே நாட்டுக் கொள்கையாக்கி, பொதுத் தங்குமிடங்களை வாடகை வீடுகளாக மாற்றியது.

ஆனால் அக்கா, அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பின்லாந்தில் வீட்டுக்கு அரசாங்கம் பின்னால் நிற்கிறது. 1985 முதல் வேலை செய்யும் ஓர் அறக்கட்டளை ஆயிரக்கணக்கான வீடுகளை வைத்திருக்கிறது. இங்கே குறைந்த வருமானக்காரர்களுக்கான மாநகர் மன்றத்தின் பிபிஆர் அடுக்குமாடி வாடகை 124 வெள்ளிதான், ஆனால் அது குடும்பங்களை மனதில் வைத்துக் கட்டிய திட்டம். தனியாள் அறைக்குத் தனியார் சந்தையைத்தான் நம்பவேண்டும். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் வேறு இன்னும் இருக்கிறது. மாஜிஸ்திரேட் உத்தரவோடு ஒருவரை மூன்று வருடம் வரை நல்வாழ்வு இல்லத்தில் வைக்க அது இடம் தருகிறது. பலர் அதிகாரிகளைக் கண்டாலே ஓடுவதற்கு இதுதான் காரணம். நீங்கள் பகலில் அனுப்பும் ஆள் சட்டை, அட்டை என்று அதிகாரி மாதிரித் தெரிந்தால் முதல் மாதமே யாரும் பேசமாட்டார்கள்.

ஜாலான் பகாங்கில் மாநகர் மன்றத்தின் இடைத்தங்கல் மையம் இருக்கிறது, 2011 முதல் அஞ்சோங் சிங்கா என்ற தற்காலிகத் தங்குமிடமும் இருக்கிறது. இவற்றோடு போட்டி போடாமல், அங்கிருந்து வெளியே வருபவர்களுக்கு அடுத்த படியாக உங்கள் அறைகளை வைத்துக்கொண்டால் எப்படி?

ஜார்ஜ்டவுன் அக்கா:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. லெபோ பாசார், குயின் ஸ்திரீட் பக்கம் கடைவீட்டு மாடிகளில் தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்கள், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிந்து 2000 பிறந்ததும் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானதும் அந்த மாடிகள் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. தனியாளாக இருந்த கிழவர்களுக்கு, நடந்துபோகும் தூரத்தில் இருந்த வாழ்க்கை முழுவதும் போய்விட்டது. எங்கள் குழு அவர்களுக்காகத்தான் தொடங்கியது, அதுவும் சாப்பாட்டில்தான்.

நாங்களும் தாமரை நிற்கும் இடத்தில் நின்றோம். எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது பழைய தொண்டர்கள் விஷயம். வெங்காயம் உரிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை, அந்தச் சமையல் நாள்தான் பல அம்மாக்களுக்கு வாரத்தில் வெளியே வரும் ஒரே நாள். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் தனியாக இருப்பவர்கள். சமையலைக் குறைத்தால் அவர்களுடைய துணையும் குறைகிறது. இதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதாது, தலைவர்தான் பார்க்கவேண்டும்.

நாங்கள் செய்தது இது. அறைக்குப் போனவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு தொண்டர்களை ஒதுக்கினோம். வாரம் ஒருமுறை போவார்கள். முதலில் சாம்பார் வாளியோடுதான் போனார்கள், வெறுங்கையோடு போக யாருக்கும் வரவில்லை. போகப் போக அங்கேயே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து சமைத்தார்கள். ஓர் அம்மா எழுபது வயது மனிதருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, "என்னைவிட நல்லா வெக்கிறார்" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். விலகிப்போனவர்களும் உண்டு, மறைக்கவில்லை. சமையல் மட்டுமே போதும் என்று வேறு குழுவுக்குப் போனார்கள், வாழ்த்தி அனுப்பினோம்.

சம்பளம் பற்றி எழுந்த கேள்விக்கு என் பதில்: வையுங்கள். ஒரே ஆள், ஒரே முகம், எல்லா நாளும். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. அதைவிடக் கூடக் கொடுங்கள், சேமநிதியும் சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டுங்கள். வீடில்லாதவருக்கு உதவும் வேலையைச் செய்கிறவர் வாடகைக்குத் திண்டாடக்கூடாது.

கிள்ளான் பெரியவர்:

நானும் ஓர் இல்லத்தைத் தொடங்கி, பிறகு அடுத்தவர்களிடம் கொடுத்தவன். அம்மா தாமரை, உங்கள் ஐயா முகம் வாடியது என்று எழுதினீர்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அன்று வலித்தது மாற்றம் வந்ததால் இல்லை. புதியவர்கள் நல்லதுதான் செய்தார்கள். ஆனால் அந்த முடிவு எனக்கு வாட்சாப்பில், மற்ற எல்லாருக்கும் வந்த அதே செய்தியாக வந்தது. நான் தூக்கிச் சுமந்த அடுப்பை விற்றுவிட்டோம் என்று படத்தோடு போட்டிருந்தார்கள்.

செயலவைக் கூட்டத்துக்கு முன்னால் ஐயா வீட்டுக்கு நேரில் போங்கள். தட்டில் பழம் வைத்துக்கொண்டு போனாலும் சரி. அவர் ஏன் தொடங்கினார் என்று கேளுங்கள், முழுவதும் கேளுங்கள். ஐசி கேட்ட அந்த மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு அவரை அந்த மனிதரிடமே அழைத்துப் போங்கள். திட்டத்தை அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் பொட்டலத்தைக் கட்டியவர் அவர். எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் போகாது.

பூச்சோங் மாறன்:

பழைய தூண் தம்பி எழுதியதைப் பலமுறை படித்தேன். படம் எடுக்கும் பழக்கம் எங்கள் குழுவிலும் இருக்கிறது. இந்த வாரமே பேசுகிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி. புதன்கிழமை நீங்கள் வராவிட்டால், உங்களை நம்பிப் படுத்திருப்பவருக்கு யார் பதில் சொல்வது? எல்லா அஞ்சடியிலும் நாலு குழு வருவதில்லை. சௌகிட்டின் பின்பக்கச் சந்துகளில் ஒன்றும் வராத இரவுகள் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

செந்தூல் தாமரை:

மாறன் அண்ணா, இந்தக் கேள்விக்கு நன்றி. போன வாரம் மூன்று குழுக்களோடு உட்கார்ந்து யார் எந்த நாள் எந்தத் தெரு என்று எழுதிப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரிதான். லெபோ அம்பாங்கில் சனிக்கிழமை நாலு குழு, சௌகிட் சந்தில் திங்கள், செவ்வாய் யாரும் இல்லை. அதனால் புதன் சமையலை நிறுத்தும் முன், அந்த இரவை இன்னொரு குழு ஏற்கிறது என்று உறுதியான பிறகே நிறுத்துவோம். லெபோ அம்பாங் சனிக்கிழமையை நாங்கள் விட்டுவிட்டு, சமைத்ததைச் சௌகிட் சந்துக்குக் கொண்டுபோகிறோம். வீடில்லாதவர்களுக்கான மேடான் துவாங்கு மையத்திலும் பேசியிருக்கிறோம்.

பெரியவர் சொன்னபடி ஐயா வீட்டுக்குப் போனேன். நிறையப் பேசினார். அவருடைய அண்ணன் பூடுவில் தெருவில் படுத்து இறந்தவர் என்பது இத்தனை வருடத்தில் எங்களில் யாருக்கும் தெரியாது. ஐசிக்காகப் பதிவிலாகாவுக்கு முதல் ஆளோடு தானே போவேன் என்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

செயலவையில் இன்னும் இருவர் எதிர்க்கிறார்கள். அவர்களை ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் எல்லாரும் சரி சொல்லும்வரை காத்திருக்கவும் மாட்டேன். இரண்டே அறைகளில் தொடங்குகிறோம், ஒரு வருட வாடகை கையில் வைத்துக்கொண்டு. முதல் மாதச் செலவுக்கு, பழைய தூண் அண்ணன் சொன்ன காலணி, பஸ் காசுக்கு, தனியாக ஒரு தொகை. ஆண்டறிக்கையில் பொட்டலக் கணக்குக்கு மேலே, எத்தனை பேருக்கு ஐசி கிடைத்தது, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் இன்னும் அறையில் இருக்கிறார்கள் என்று போடப்போகிறோம். எண் சின்னதாகத்தான் இருக்கும். நன்கொடையாளர்கள் கேட்டால் நானே நேரில் போய் விளக்குவேன்.

பழைய தூண் அண்ணா, சம்பளத்துக்கு வைக்கும் அந்த ஆள் தெருவை அறிந்தவராக இருக்கவேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். உங்களுக்கு விருப்பம் இருந்தால் தனிச்செய்தி போடுங்கள்.

பழைய தூண்:

யோசிக்கிறேன் அக்கா. இரவு வேலை முடிந்து பேசுகிறேன். அறையைச் செந்தூலிலேயே பாருங்கள், ரொம்பத் தூரம் வேண்டாம். பழைய ஆட்களைப் பார்க்க ரயிலில் வந்துபோகிற மாதிரி இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

வாடகை ஒப்பந்தத்தில் சங்கத்தின் பெயரோடு தங்குபவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முத்திரை வரி கட்டி, ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். முகவரி கேட்கும் இடங்களில் காட்ட அது உதவும். சங்கத்தை உத்தரவாத நிறுவனமாக மாற்றுவது, நன்கொடையாளர்களுக்கு வருமான வரியில் கழிவு தரும் 44(6) வரிவிலக்கு இதெல்லாம் அடுத்த வருடம் பார்க்கலாம். இப்போதே அதில் இறங்கினால் தாளோடு தாளாக நின்றுவிடுவீர்கள்.

பூச்சோங் மாறன்:

சமையலைக் குறைப்பதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை, அதை மாற்றிச் சொல்லமாட்டேன். சௌகிட் சந்துக்குத் திங்கள், செவ்வாய் எங்கள் குழு போகும், பேசிவிட்டேன். அறைக்குக் கட்டில், அலமாரி தூக்க லோரி வேண்டுமென்றால் சொல்லுங்கள் தாமரை. ஞாயிறு மட்டும் முடியாது, மற்ற நாள் ஆறு மணிக்கு மேல் சும்மாதான் நிற்கிறது.